பகலில் வெப், மாலையில் 48 கேபி: 27 வருட டெவலப்பர் ஒருவரின் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: "மூன்று வருடமாக வெப் டெவலப்பராக இருக்கிறேன். நீங்கள் 27 வருடமாக இதே வேலையில் இருந்துகொண்டு, மாலை ஆனால் 40 வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துவிடுகிறீர்கள். அது வேலைக்கு ஏதாவது உதவுகிறதா, இல்லை சின்ன வயது நினைவுக்காகவா? நானும் தொடங்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?"

உதவுகிறது, நிறையவே உதவுகிறது. ஆனால் உதவும் என்று நினைத்து நான் அதைத் தொடவில்லை. எப்படித் தொட்டேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும், அதனால் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1998-ல் நான் வேலைக்கு வந்தபோது ஒரு பக்கத்தை அமைப்பது என்றால் டேபிள்தான். வரைந்து கொடுத்த படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஜிஃப் படமாக்கி, டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள் என்று அடுக்கி, எங்கே இடைவெளி வேண்டுமோ அங்கே ஒரே ஒரு பிக்சல் கொண்ட, கண்ணுக்கே தெரியாத ஒரு ஜிஃப்பை வைத்து அதன் அகலத்தை வேண்டிய அளவுக்கு இழுத்துவிடுவோம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே தரமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் பிரவுசர்கள் அதை ஒரே மாதிரி புரிந்துகொள்ளவில்லை, அதனால் யாரும் நம்பி இறங்கவில்லை. நிறம் என்றால் 216 மட்டும். பலருடைய திரை 256 நிறம்தான் காட்டும், அதில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 6 படி வைத்து வரும் 6×6×6.

அப்புறம் சிஎஸ்எஸ்ஸுக்கு மாறினோம். அன்றைக்குப் பெரும்பாலானோர் வைத்திருந்த ஒரு பிரவுசரில், ஃப்ளோட் கொடுத்த (அதாவது ஒரு பக்கமாக ஒதுக்கிய) பெட்டிக்கு அதே பக்கம் மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்தால் அது இரண்டு மடங்காகிவிடும். 10 பிக்சல் கேட்டால் 20 வரும். எந்த அர்த்தமும் இல்லாமல் டிஸ்ப்ளே இன்லைன் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முழுதாக ஒரு நாள் ஆனது, அந்த வரி இன்னமும் விரல் நுனியில் இருக்கிறது. 2005-ல், பக்கத்தை மறுபடி ஏற்றாமலே தரவை வாங்கும் முறைக்கு அஜாக்ஸ் என்ற பெயர் வந்தது (அதற்கு வேண்டிய வசதி 1999-லேயே பிரவுசருக்குள் வந்துவிட்டது, பெயர்தான் இல்லை). 2006-ல் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், 2010-ல் திரை அளவுக்கேற்பப் பக்கம் மாறும் ரெஸ்பான்சிவ், 2013-ல் இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் ஒரே மாதத்தில் சிஎஸ்எஸ் கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வசதி) வந்தபோது, நான் 1998-ல் டேபிளை வளைத்துச் செய்த அதே அமைப்பை மூன்று வரியில் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் வந்து போனதில் எது நிலைத்தது என்று கேட்டால் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதை அனுப்பும் எச்டிடிபி, தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்க்யூஎல். இந்த மூன்றில் செலவழித்த நேரம் எதுவும் வீணாகவில்லை. 1991-ல் எழுதப்பட்ட உலகின் முதல் வெப் தளத்தை 2013-ல் செர்ன் ஆய்வகம் அதன் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது, இன்றைய பிரவுசரில் அது அப்படியே திறக்கிறது. நான் 2003-ல் ஃப்ளாஷில் (பிரவுசருக்குள் அசைபடம் ஓட்டிய மென்பொருள்) செய்தவை திறக்காது, ஃப்ளாஷ் 2020 இறுதியோடு முடிந்துவிட்டது. ரஃபிள் என்ற திறமூல எமுலேட்டர் (வேறொன்றைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) இப்போது அவற்றில் சிலவற்றை ஓட்டுகிறது, அதைச் செய்பவர்களுக்கு நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறேன்.

சரி, பழைய கம்ப்யூட்டருக்கு வருகிறேன். 2015 வாக்கில் ஒரு நாள், பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்றே பெட்டிகள் கொண்ட ஒரு படிவத்துக்காக ஒரு ப்ராஜெக்டைத் திறந்தேன். அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை (மற்றவர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளை) இழுத்துக்கொண்டு வந்தது. அதில் எது எதற்கு என்று பாதிக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 17 வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, நான் எழுதிய மூன்று பெட்டிகளுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாதது என்னை ரொம்பவே உறுத்தியது. அந்த வாரக் கடைசியில் பரணில் கிடந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை இறக்கினேன். என் மாமா எனக்குப் பத்து வயதில் கொடுத்தது.

ஸ்பெக்ட்ரம் 1982-ல் வந்த கம்ப்யூட்டர். இசட்80 சிப், 3.5 மெகாஹெர்ட்ஸ், 48 கேபி ராம், 16 கேபி ரோம். அவ்வளவுதான். அதில் போக் 16384,255 (அந்த முகவரியில் இந்த எண்ணை வை என்ற கட்டளை) என்று அடித்தால் திரையின் இடது மேல் மூலையில் 8 பிக்சல் நீளத்துக்கு ஒரு கோடு விழும். 16384 என்பது திரை நினைவகத்தின் முதல் முகவரி, 255 என்றால் எட்டு பிட்டும் ஒன்று. அந்த எண்ணுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் வேறு எந்த மென்பொருளும் கிடையாது. இதே ஒரு கோட்டை வெப்பில் வரைய எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள்: முகவரி தேடல், டிசிபி, டிஎல்எஸ், எச்டிஎம்எல்லைப் பிரித்தல், மரம் கட்டுதல், ஸ்டைல் கணக்கு, லேஅவுட், பெயிண்ட், கம்பாசிட்டிங், கிராஃபிக்ஸ் டிரைவர். ஒவ்வொன்றும் தேவையானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனையையும் ஒரே ஆள் முழுசாகத் தெரிந்துவைத்திருப்பது நடக்காத காரியம். ஸ்பெக்ட்ரத்தில் நடக்கும். அதன் ரோமை முதல் பைட்டிலிருந்து கடைசி வரை விளக்கத்தோடு உட்கார்ந்து படித்து முடிக்கலாம்.

அந்தத் திரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முதல் கோட்டுக்கு நேர் கீழே இன்னொரு கோடு வேண்டுமென்றால் முகவரி 32 தள்ளி இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஏனென்றால் ஒரு வரிக்கு 32 பைட். ஆனால் அது 256 தள்ளி இருக்கிறது. 32 தள்ளிப் போட்டால் கோடு எட்டு பிக்சல் கீழே, அடுத்த எழுத்து வரியில் போய் விழும். முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அப்புறம் சிப்பின் சொந்த மொழியான அசெம்பிளியில் எழுதும்போதுதான் புரிந்தது: ஓர் எழுத்து எட்டு பிக்சல் உயரம், 256-ஐக் கூட்டுவது என்பது முகவரியின் மேல் பைட்டில் ஒன்றைக் கூட்டுவது மட்டுமே, அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். எழுத்து வேகமாக விழ வேண்டும் என்பதற்காக மொத்தத் திரையையும் அப்படி மடித்து வைத்திருக்கிறார்கள். நிறத்துக்குத் தனியாக 768 பைட். 8×8 கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிறம், அதனால்தான் விளையாட்டுகளில் ஓடும் உருவம் பின்னணியைத் தொட்டவுடன் அதன் நிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும். விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது, தேடினால் அந்தக் காரணம் கையில் அகப்பட்டது. என்னைப் பிடித்துப் போட்டது அதுதான்.

நான் செய்த ப்ராஜெக்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கேசட் படிப்பான். மாமா கொடுத்த பெட்டியில் சில கேசட்டுகளும் இருந்தன. ஒன்றின் மேல் என் பதினோரு வயதுக் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் போட்டால் ஏறவில்லை, பாதியில் பிழை காட்டி நின்றது. சரி, டேப்பில் இருக்கும் ஒலியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பிரவுசரிலேயே ஜாவாஸ்கிரிப்ட்டில் படித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அந்த ஒலி அமைப்பு மிக எளிமையானது. முதலில் ஐந்து வினாடிக்கு ஒரே சீரான கூவல் (திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடுமே, அந்த நேரம்). அதன் பிறகு 17 பைட் தலைப்பு, அதில் ஃபைல் பெயருக்கு 10 எழுத்து. பிறகு இன்னொரு சின்னக் கூவல், அதற்குப் பின் உண்மையான தரவு, அப்போது பட்டைகள் மஞ்சளும் நீலமுமாக மாறும். 0 என்றால் 855 கடிகாரத் துடிப்பு நீளமுள்ள இரண்டு அரை அலை, 1 என்றால் 1710 நீளமுள்ள இரண்டு. 3.5 மெகாஹெர்ட்ஸை வைத்துக் கணக்குப் போட்டால், வினாடிக்கு 44100 சாம்பிள் (அளவீடு) வேகத்தில் பதிவு செய்த ஒலியில் ஒரு 0-க்கு ஏறத்தாழ 22 சாம்பிள், ஒரு 1-க்கு 43. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு நடுவில் எத்தனை சாம்பிள் என்று எண்ணினால் போதும், பிட்டுகள் வந்துவிடும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு பைட். எல்லா பைட்டையும் எக்ஸார் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) 0 வர வேண்டும்.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன், நீங்களும் விழுவீர்கள், அதனால் சொல்கிறேன். ஒன்று, பிரவுசரின் வெப் ஆடியோ ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதைத் தன்னுடைய வேகத்துக்கு மாற்றிக்கொள்ளும். என் லேப்டாப்பில் அது 48000. நான் 44100-க்குக் கணக்குப் போட்டு வைத்திருந்த எண்கள் எல்லாம் தவறிப் போயின. வேகத்தை எப்போதும் ஆடியோ கான்டெக்ஸ்டிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, எந்த டேப் பிளேயரும் ஒரே சீரான வேகத்தில் சுற்றுவதில்லை. அதனால் எண்ணை நிலையாக வைக்காமல், முன்னால் வரும் கூவலை அளந்து (அதன் அரை அலை 2168 துடிப்பு) அந்த விகிதத்தில் மற்றவற்றைக் கணக்கிட வேண்டும்.

இரண்டையும் சரிசெய்த அன்று இரவு, தலைப்பில் இருந்த ஃபைல் பெயர் திரையில் வந்தது. 'கேபிடல்ஸ்'. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது, நாடுகளின் தலைநகரம் கேட்கும் ஒரு வினாடி வினா, நானே எழுதியது. ஆனால் தரவுப் பகுதியில் எக்ஸார் விடை 0 வரவில்லை, 8 வந்தது. 8 என்றால் எங்கோ ஒரு பைட்டில், அந்த ஒரு குறிப்பிட்ட பிட் மட்டும் புரண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே? பேசிக் நிரலை வரி வரியாகப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வியில் 'கேபிடல்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டாவது எழுத்து ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஐ இருந்தது. ஏ என்பது 65, ஐ என்பது 73. வித்தியாசம் 8. அலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், 0-க்குப் பதிலாக நடுவாந்தரமாக ஓர் அலை, என் நிரல் அதை 1 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அதே இடத்தில் லேசாக ஒரு மடிப்பு. அந்த ஒரு பிட்டைத் திருத்தி எமுலேட்டரில் போட்டேன், ஓடியது. மாமா இப்போது இல்லை, அவருக்குக் காட்ட முடியவில்லையே என்று மட்டும் இருந்தது.

இன்னொன்று ஒரு ப்ராக்சி, அதாவது நடுவில் நின்று பக்கங்களை வாங்கிக் கொடுக்கும் சர்வர். 486 சிப் உள்ள ஒரு பழைய பிசியும் 1996 வாக்கில் வந்த ஒரு பிரவுசரும் என்னிடம் இருக்கின்றன. அதை வைத்து இன்றைய இணையத்தைத் திறந்தால் ஒன்றும் வராது. முதல் தடை டிஎல்எஸ் என்ற மறையாக்கம், இந்த இன்றைய பூட்டு அந்தப் பிரவுசருக்குத் தெரியாது. அதைத் தாண்டினாலும், ஹோஸ்ட் என்ற தலைப்பு வரியை அனுப்பாத பழைய பிரவுசர் என்றால், ஒரே ஐபி முகவரியில் நூறு தளங்களை வைத்திருக்கும் சர்வருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாது. அந்த ஹோஸ்ட் வரி கட்டாயமானது 1997-ல் வந்த எச்டிடிபி 1.1-ல்தான். பிறகு ஜிசிப் சுருக்கம், யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீடு, வெப்பி படங்கள் என்று வரிசையாகத் தடைகள். அதனால் நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) ஒரு சின்ன சர்வர் எழுதினேன். அது பக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு, ஸ்கிரிப்ட்டையும் ஸ்டைலையும் கழற்றிவிட்டு, எச்டிஎம்எல் 3.2-க்கு மாற்றி, படங்களைச் சுருக்கி ஜிஃப் ஆக்கி, பூட்டில்லாத எச்டிடிபியில் பழைய பிசிக்குக் கொடுக்கும். டேபிளுக்குள் டேபிள் அடுக்கத் தெரிந்த என் பழைய கை அங்கே மறுபடி வேலைக்கு வந்தது. வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வையுங்கள், கடவுச்சொல் எதையும் அதன் வழியாக அனுப்பாதீர்கள்.

உங்கள் கேள்வியில் "வேலைக்கு உதவுகிறதா" என்று இருந்ததே, அதற்கு நேரடியான பதில் இந்த ப்ராக்சியில்தான் கிடைத்தது. தலைப்புக்குத் தலைப்பு டேக், பத்திக்குப் பத்தி டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக் என்று ஒழுங்காக எழுதப்பட்ட பக்கங்கள் அந்த 486-ல் அழகாக வந்தன, படிக்க முடிந்தது. எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட் வந்து வரையட்டும் என்று விட்ட பக்கங்கள் வெறும் சாம்பல் திரையாக வந்தன. நான் செய்து கொடுத்த ஒரு தளமும் அப்படித்தான் வந்தது, அதைப் பார்த்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மெதுவான இணைப்பில் இருப்பவருக்கும், திரைவாசிப்பானை நம்பி இருப்பவருக்கும் அந்த ஒழுங்கான குறிகள்தான் கைகொடுக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து என் குழுவில் எந்தப் பக்கமும் முதலில் ஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கப்படும். படிக்க முடியவில்லை என்றால் திரும்பி வரும். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே செய்கிறார்கள்.

வன்பொருளைத் தொடுவது பற்றிச் சுருக்கமாக. பழைய கம்ப்யூட்டர் கிடைத்தவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்க்கத் தோன்றும், செய்யாதீர்கள். பல வருடம் கிடந்த பவர் சப்ளை 5 வோல்ட்டுக்குப் பதில் அதிகமாகக் கொடுத்தால் நினைவகச் சிப்புகள் போய்விடும். முதலில் பவர் சப்ளையைத் தனியாக மல்டிமீட்டரில் பாருங்கள், 5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். போர்டில் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் முதல் வேலையாகக் கழற்றுங்கள், அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். கசிந்திருந்தால் அது காரம், வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்யலாம். பழைய டியூப் மானிட்டரை மட்டும் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எங்கே தொடங்குவது? எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், அது போதும், சிப்-8 எமுலேட்டர் ஒன்று எழுதுங்கள். இது 1970களில் வந்த மிகச் சின்ன ஒரு கற்பனைக் கம்ப்யூட்டர்: 4 கேபி நினைவகம், 16 ரெஜிஸ்டர் (கணக்குக்கான சின்ன இடங்கள்), 64×32 திரை, 35 கட்டளைகள். நிரல் 512-ஆவது முகவரியில் தொடங்கும். இரண்டு வாரக் கடைசிகள் போதும். நினைவகத்துக்கும் ரெஜிஸ்டருக்கும் யுஇன்ட்8அரே (ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல்) வைத்துக்கொண்டால் 255-க்கு மேல் ஒன்றைக் கூட்டும்போது அதுவே 0-க்குத் திரும்பிவிடும், நிஜ சிப்பில் நடப்பதும் அதுதான், நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். திரையில் உருவம் வரைவது எக்ஸார் முறையில், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஒரு பிக்சல் அணைந்தால் அதைச் சொல்ல ஒரு ரெஜிஸ்டர் 1 ஆகும், விளையாட்டுகள் மோதலைக் கண்டுபிடிப்பது அப்படித்தான். அது பிடித்துவிட்டால் அடுத்து 6502 என்ற பழைய சிப், அதில் 151 அதிகாரபூர்வக் குறியீடுகள், ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். இசட்80-ஐ அதற்குப் பிறகு தொடுங்கள், அது பெரிது.

சிப்-8-ல் ஓர் இடத்தில் மட்டும் கவனம். அதன் டைமர்கள் வினாடிக்கு 60 முறை குறைய வேண்டும். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம் நிரலை அழைக்கும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமை வைத்து ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒன்று குறைத்தால், உங்கள் 60 ஹெர்ட்ஸ் திரையில் எல்லாம் சரியாக ஓடும். 120 ஹெர்ட்ஸ் திரை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினால் பந்து இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். ஃப்ரேமை எண்ணாமல், அது கொடுக்கும் நேரத்தை வாங்கி, கடந்த மில்லிவினாடிகளைக் கூட்டிக்கொண்டே வந்து 16.67 நிரம்பும்போது மட்டும் ஒன்றைக் குறையுங்கள். எழுதி ஓடவைத்ததும் சொல்லுங்கள், கேசட் படிப்பானின் நிரலை அனுப்புகிறேன்.